எழவு டாக்டரின் ஆராய்ச்சி

தன் சாவுக்குத் தானே மொட்டை போட்டுக்கொண்ட மனிதர் இந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான். அவர் என் அறைத்தோழர். நம்பிக்கையில்லாதவர்கள் இப்போதே பக்கத்தைத் திருப்பிச் சமையல் குறிப்புக்குப் போய்விடலாம், எனக்கு வருத்தமில்லை.

எழுபதுகளின் கடைசியில் நான் ஜவ்வாது மலையில், புதூர்நாட்டுப் பக்கம் ஓர் உறைவிடப் பள்ளியில் வாத்தியார். மேலதிகாரி ஒருவருக்கு வணக்கம் வைக்க மறந்ததற்காகக் கிடைத்த மாற்றல் அது. ஒருநாள் வாணியம்பாடியிலிருந்து புளி ஏற்ற வந்த ஜீப்பில், காலிச் சாக்குகளுக்கு நடுவே ஓர் ஆள் உட்கார்ந்து வந்தார். ஒல்லி உடம்பு, தடித்த கண்ணாடி. மடியில் ஒரு டேப்ரிக்கார்டரைப் பச்சைக் குழந்தை மாதிரி துண்டில் சுற்றி வைத்திருந்தார். அதைப் பத்திரமாக இறக்கிய மனிதர் தன் துணிப்பெட்டியை ஜீப்பிலேயே விட்டுவிட்டார். அது கீழே போய்விட்டு அடுத்த நடையில் புளி வாசனையோடு திரும்பி வந்தது.

பட்டணத்துப் பல்கலைக்கழகத்தில் தமிழில் பிஎச்.டி. செய்கிறாராம். தலைப்பு, ஜவ்வாது மலை ஒப்பாரிப் பாடல்கள். தங்க இடம் வேண்டும் என்றார். பேச்சுத் துணைக்கு ஆள் கிடைத்த சந்தோஷத்தில் நானும் சரி என்று சொல்லித் தொலைத்தேன். அன்றிலிருந்து என் பாயில் பாதி, என் சோற்றில் பாதி, என் டார்ச் லைட்டின் பேட்டரி முழுவதும் அவருடையதாகிவிட்டது. அந்த டேப்ரிக்கார்டர் பேட்டரியைத் தின்றே உயிர் வாழ்ந்தது. தீர்ந்துபோன பேட்டரிகளை அவர் பாறையில் வெயிலில் காயவைப்பார். பக்கத்தில் சாமை காயும். இரண்டுக்கும் சேர்த்து அவரே காக்காய் விரட்டுவார்.

டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிறார், எழவு வீட்டுப் பாட்டைப் பற்றி என்று நான்தான் ஊருக்கு அறிமுகம் செய்துவைத்தேன். சாயங்காலத்துக்குள் அவர் எழவு டாக்டர் ஆகிவிட்டார். பெற்றோரோ யாரோ வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்தது. மலையில் அதை யாரும் சீந்தவில்லை.

மறுநாள் விடிந்ததும் விடியாததுமாக ஆராய்ச்சி ஆரம்பம். ஒப்பாரியில் பெரிய கை என்று பெயர் வாங்கிய பூங்காவனம் வீட்டு வாசலில் போய் நின்றார். அந்தம்மாள் சாமை குத்திக்கொண்டிருந்தாள். இவர் கும்பிட்டுவிட்டு, ஒரு ஒப்பாரி பாடுங்கள் அக்கா என்று கேட்டார், ஏதோ மோர் கேட்கிற மாதிரி.

"யாரு செத்துட்டாங்க?" என்றாள் பூங்காவனம்.

யாரும் சாகவில்லை, சும்மா பாடுங்கள் என்றார் இவர். பூங்காவனம் உலக்கையைச் சுவரில் சாத்தினாள். உள்ளே போய்க் குடத்துத் தண்ணீரைக் கொண்டுவந்து அவர் நின்ற இடத்தில் ஊற்றிக் கழுவிவிட்டாள். காலை நேரத்தில் சாவு விழாத வீட்டில் ஒப்பாரிச் சத்தம் கேட்டால், அந்த வீட்டில் சாவு விழும். இது மலையில் கைக்குழந்தைக்கும் தெரியும். எம்.ஏ.யில் முதல் வகுப்பு வாங்கிய நம்மாளுக்குத்தான் தெரியவில்லை.

சரி, நிஜமாகவே யாராவது சாகும்வரை காத்திருப்பது என்று முடிவு செய்தார். அங்கேதான் பிடித்தது வினை. வயசானவர்கள் வீட்டுக்கெல்லாம் நாள் தவறாமல் போய், உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரிப்பார். கெட்ட எண்ணமே கிடையாது, பாவம். ஆனால் எதிரில் இருக்கிறவர் இருமினால் இவருடைய கண்ணாடிக்குள் கண்கள் ஒரு மின்னு மின்னும், அதை அவரால் மறைக்க முடியாது. கிழவர்கள் உஷாராகிவிட்டார்கள். இவர் தலை தெரிந்தாலே இருமலை விழுங்கிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். மாதக்கணக்காகப் படுக்கையில் கிடந்த ஊர்க்கவுண்டர், டேப்ரிக்கார்டரோடு இவர் வாசலில் நிற்பதைப் பார்த்துவிட்டு எழுந்து, ஏர் பூட்டப் போய்விட்டார். நான் என் கண்ணால் பார்த்தேன்.

அந்த வருஷம் எங்கள் ஊரில் ஒரு சாவுகூட விழவில்லை. எழவு டாக்டர் ஒரு எட்டு வந்து பார்த்தால் போதும், ஆள் பிழைத்துக்கொள்வான் என்று பேச்சு பரவியது. பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் அழைத்துப் போனார்கள். திரும்பும்போது பலாப்பழம், தேன், கடுக்காய் என்று கை நிறையக் கொடுத்தனுப்பினார்கள். மனிதர் பலாப்பழத்தைத் தோளில் சுமந்துகொண்டு அழாத குறையாக வருவார். "இன்னிக்கும் ஒருத்தர் பொழைச்சிட்டார் சார்" என்று பாயில் சாய்வார். நான் பழத்தை அரிய உட்காருவேன்.

ஒரே ஒருமுறை, மலையின் அந்தக் கோடியில் ஒரு சாவு கிடைத்தது. ஓடினார். பெண்கள் வட்டமாக உட்கார்ந்து பாட்டை எடுத்த நேரத்தில் நடுவில் மைக்கை நீட்டினார். அது என்ன என்று ஒருத்தி கேட்டாள். குரலைப் பிடிக்கிற பெட்டி என்று இவர் விளக்கம் சொல்ல, எங்கே, போட்டுக் காட்டு என்றார்கள். போட்டார். தங்கள் குரலைத் தாங்களே கேட்டதும் அழுதுகொண்டிருந்த பெண்களுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒருத்தி சிரிக்க, அடுத்தவள் சிரிக்க, பிணத்தைச் சுற்றி ஒரே கலகலப்பு. செத்தவருடைய மகன் அரிவாளோடு எழுந்தான். டாக்டர் டேப்பைக் கட்டிக்கொண்டு இரண்டு ஓடை தாண்டி ஓடிவந்தார். செருப்பு அங்கேயே நின்றுவிட்டது.

பிறகு அவருடைய கைடைப் பார்க்கப் பட்டணம் போனார். போனவர் முகம் தொங்கித் திரும்பினார். தை மாதக் கமிட்டிக்குள் முழுசாக ஒரு ஒப்பாரியாவது கையில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பதிவை ரத்து செய்துவிடுவோம், ஆராய்ச்சி அத்தோடு முடிந்தது என்று சொல்லிவிட்டார்களாம். போனால் போகிறது, ஊருக்குப் போய் வேறு வேலை பாருங்கள் என்றேன் நான்.

"எந்த ஊருக்கு சார்?" என்றார்.

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அவர் அநாதை விடுதியில் வளர்ந்தவர். அங்கிருந்து கல்லூரி விடுதி, அங்கிருந்து பல்கலைக்கழக விடுதி. அந்தப் பதிவு போனால் பல்கலைக்கழக விடுதியும் போய்விடும், அவருக்கென்று ஒரு விலாசமே இருக்காது. இதை அவர் வருத்தமாகக்கூடச் சொல்லவில்லை. எனக்குத்தான் அன்று சோறு இறங்கவில்லை.

மார்கழி பிறந்ததும் பெட்டியைக் கட்டினார். சொல்லிக்கொள்ளப் பூங்காவனம் வீட்டுக்குப் போனபோது நானும் கூடப் போனேன். கமிட்டி விஷயத்தை நான்தான் போட்டு உடைத்தேன். பூங்காவனம் கேட்டுக்கொண்டாள். வைக்கோல் பொம்மை செய்து படுக்க வைத்துப் பாடலாமா என்று இவர் கடைசியாக ஒரு யோசனை சொன்னார். பொம்மைக்கு அழுதால் அது பில்லிசூனியம், அடிக்க வருவார்கள் என்று அதையும் தள்ளிவிட்டாள். கொஞ்ச நேரம் முறத்தில் கல் பொறுக்கினாள்.

"ஒப்பாரின்னா ஒரு ஆளு வேணும்ல. ஆளில்லாம இன்னாத்தப் பாடறது?" என்றாள். "எங்க ஊரு ஆளுக்குப் பாடக் கூடாது. வூட்லயும் பாடக் கூடாது. உனக்கு இங்க வூடு இல்ல, யாரும் இல்ல. ஊரு எல்லைக்கு அந்தாண்ட, ஓடைப் பாறையில வந்து படு. உனக்குப் பாடறோம்."

நான் வேண்டாம் என்று கையைப் பிடித்தேன். டாக்டர் என் கையை உதறிவிட்டுப் பேட்டரியைக் காயவைக்க ஓடினார்.

மறுநாள் மத்தியானம் ஓடைப் பாறையில் துண்டை விரித்து மல்லாந்து படுத்தார். கண்ணாடியைக் கழற்றச் சொன்னார்கள். மாட்டேன், கண்ணாடி இல்லாவிட்டால் அவர்கள் பாடுவது சரியாகக் கேட்காது என்றார். டேப் என் பொறுப்பு. பெண்கள் சுற்றி உட்கார்ந்தார்கள். ஆனால் பாட்டு ஆரம்பிக்கவில்லை. ஒப்பாரி என்றால் செத்தவனுடைய உடைமை, உறவு எல்லாம் அதில் வரவேண்டும். ஆகவே விசாரணை தொடங்கியது. நிலம் உண்டா? இல்லை. மாடு? இல்லை. அக்கா தங்கச்சி? இல்லை. பெண்டாட்டி? ஐயோ, இல்லை. அம்மா? பிணம் கொஞ்சம் யோசித்துவிட்டு, தெரியாது என்றது.

பூங்காவனம் தலையில் கை வைத்துக்கொண்டாள். "இவன் ஒருத்தன், சாவறதுக்குக்கூட ஒன்னும் சேத்து வைக்கல" என்றாள்.

அப்புறம் இருப்பதை வைத்து எடுத்தார்கள்.

பேட்டரி காயவச்ச – என் ராசாவே
பாறை மேல சாஞ்சியோ
கண்ணாடி போட்டும் – என் ராசாவே
காட்டுப்பாதை தெரியலியோ

பலாப்பழம் சுமந்தது, அரிவாளுக்குப் பயந்து ஓடியது, செருப்பை விட்டது எல்லாம் வரிசையாக வந்தன. நான் வாயில் துண்டை அடைத்துக்கொண்டு சிரித்தேன். அந்தச் சமயம் பார்த்து, பாதையில் புளி ஜீப் வந்து நின்றது. ஜீப் ஓட்டும் பாய் ரொம்ப நல்ல மனிதர். அடடா, நாம் ஏற்றி வந்த பிள்ளையாயிற்றே என்று பதறி இறங்கி, தொப்பியைச் சரிசெய்துகொண்டு, கண்ணைத் துடைத்தபடி பக்கத்தில் வந்தார். சரியாக அப்போது கேசட்டின் ஒரு பக்கம் முடிந்து டக் என்றது. பிணம் சட்டென்று கையைத் தூக்கி, திருப்பிப் போடு என்று எனக்கு ஜாடை காட்டியது. பாய் ஜீப்பைக்கூட எடுக்கவில்லை. ஓடியே மலை இறங்கினார். அவரைச் சமாதானம் செய்து திரும்பக் கூட்டிவர ஊர்க்கவுண்டரே கீழே போகவேண்டி வந்தது.

நான் கேசட்டைத் திருப்பிப் போட்டேன். பூங்காவனத்தின் குரல் இறங்கியது.

தாயறியாப் புள்ளையே – நீ
தனியா மலை ஏறினியே
யாரழுவாங்கன்னு பாக்கத்தான்
எங்ககிட்ட வந்து படுத்தியோ

எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. மற்ற பெண்கள் அவள் தோளைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். வேஷ அழுகை இல்லை அது, மூக்கும் முகமும் சிவந்துவிட்டன. கீழே பார்த்தால், பிணம் தேம்பிக்கொண்டிருந்தது. கண்ணாடிக்கு உள்ளேயிருந்து தண்ணீர் காதுவரை ஓடியது. பூங்காவனம் பாட்டை நிறுத்தாமலே அதன் தோளில் ஒரு அடி வைத்தாள்.

"செத்தவன் அழுதா நாங்க எப்படிப் பாடறது? கம்முனு கெட" என்றாள்.

அதுவும் கேசட்டில் பதிவாகிவிட்டது.

இத்தோடு முடிந்திருக்கலாம். ஆனால் அழுதுவிட்டுச் சும்மா விட்டால் ஆகாது, கருமாதி செய்தே தீரவேண்டும் என்று ஊர் கூடிச் சொல்லிவிட்டது. கருமாதி என்றால் கொள்ளி போட்ட வாரிசு மொட்டை போடவேண்டும். வாரிசு யார்? ஒருவரும் இல்லை. தன் ஒரே வாரிசு தானே என்று டாக்டர் தலையைக் குனிந்து நாவிதர் முன்னால் உட்கார்ந்தார். சாமைச் சோறும் மொச்சைக் குழம்புமாக ஊரே சாப்பிட்டது. செத்தவர்தான் பரிமாறினார்.

தை மாதக் கமிட்டிக்கு அந்த மொட்டையோடு போனார். நானும் லீவு போட்டுத் துணைக்குப் போனேன். அன்று கமிட்டித் தலைவர் சாதாரண ஆளில்லை, ஆராய்ச்சி மாணவர்களை அழவைத்துப் பார்ப்பதில் ருசி கண்டவர். மொட்டையைப் பார்த்ததும் அவரே இளகிவிட்டார்.

"உட்காருப்பா. யார் தவறிப்போனது?" என்று கேட்டார்.

"நான்தான் ஐயா" என்றார் டாக்டர்.

பிறகு நடந்ததை எல்லாம் சொன்னார். தலைவர் பழைய முகத்துக்கு வந்துவிட்டார். உயிரோடு இருக்கிறவனுக்குப் பாடியது எப்படி ஒப்பாரியாகும், இது நாடகம், ஏற்க முடியாது என்றார். கைடு தலையைக் குனிந்துகொண்டார்.

"ஐயா, செத்ததுதான் பொய். அழுதது நிஜம்" என்று சொல்லி டாக்டர் டேப்பை அழுத்தினார்.

கமிட்டி கேட்டது. முதல் பக்கம் முழுக்க உதட்டைக் கடித்துக்கொண்டு கேட்டது. இரண்டாம் பக்கத்தில் அந்தத் தாயறியாப் பிள்ளை வந்தபோது, தலைவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "கம்முனு கெட" என்று பூங்காவனம் அதட்டிய இடத்தில் கைக்குட்டைக்குள் சிரித்தாரா, அழுதாரா என்று கடைசிவரை தெரியவில்லை. பதிவு நீட்டிக்கப்பட்டது. அப்புறம் அவர் நிஜ டாக்டர் ஆனார், கல்லூரியில் வேலையும் கிடைத்தது. ஆய்வேட்டின் பின்னிணைப்பில் முதல் பாட்டுக்கு எதிரே, இறந்தவர்: ஆய்வாளர் என்று இன்னும் அச்சில் இருக்கிறது.

ஆனால் ஒவ்வொரு மார்கழியிலும் இரண்டு நாள் லீவு போட்டுவிடுவார். விண்ணப்பத்தில் காரணம், திவசம். யாருடையது என்று எழுதுவதில்லை. ஒரு வருஷம் என்னையும் இழுத்துப் போனார். பூங்காவனத்துக்கு அதற்குள் முடி நரைத்திருந்தது. வீட்டுக்குள் இலை போட்டு, சாமைச் சோறு வைத்து, மொச்சைக் குழம்பு ஊற்றி, கற்பூரம் காட்டினாள். வெளியே சத்தமில்லாமல் நின்றிருந்த டாக்டர் உள்ளே வந்து, அந்தப் படையலின் முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தார். இன்னும் கொஞ்சம் குழம்பு வேண்டுமென்று கேட்டும் வாங்கிக்கொண்டார்.

எதற்கு அக்கா இந்தக் கூத்து, வருஷா வருஷம் என்று நான் கேட்டேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, அவர் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என் அப்பனுக்குப் படைக்கிறேன், ஆயாவுக்குப் படைக்கிறேன், வூட்டுக்காரருக்கும் படைக்கிறேன் வாத்தியாரே. யாரும் வந்து சாப்ட்டதில்ல" என்றாள். "இவன் ஒருத்தன்தான் வர்றான்."

நான் எனக்கும் ஒரு இலையை எடுத்து, அவர் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தேன்.