பூனை ஓவசியர் குளித்த கதை

மட்டக்களப்பு வாவிக்கு இவ்வளவு அருகில் குடியிருந்து, அதன் தண்ணீரை இவ்வளவு குறைவாகத் தொட்ட மனிதர் பூனை ஓவசியரைத் தவிர வேறொருவர் இருந்திருக்க முடியாது. நாவற்குடாவில் எங்கள் வேலிக்கு அடுத்த வளவு அவருடையது. றோட்டு வேலைகளை மேற்பார்க்கும் ஓவசியராக இருந்து ஓய்வு பெற்றவர், கலியாணம் செய்யாதவர். வீட்டில் ஆறு பூனைகள். தம்முடைய பழைய மேலதிகாரிகளின் பதவிகளையே அவற்றுக்குப் பெயராக வைத்திருந்தார். "பெரிய துரை, சோறு வச்சாச்சு, வாங்க!" என்று கூப்பிட்டால் பெரிய துரை திரும்பியும் பார்க்காது. அந்த வகையில் பெயர் பொருத்தமானதுதான்.

எங்கள் மகள் செல்வத்துக்கு அப்போது ஏழு வயது. நாள் முழுக்க அந்தப் பூனைகளோடுதான் விளையாட்டு. விளையாடிவிட்டு வந்தால் நெஞ்சு இழுக்கும். பேச வாயெடுத்தால் விசில் சத்தம்தான் வரும். ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் அப்போதிக்கரி வந்து பார்த்தார்.

"இந்த மூச்சிழுப்பு தொய்வு. பூனை மயிர் புள்ளைக்கு ஒத்துவரல்ல. அந்த வளவுக்கு விடவேணாம்."

செல்வம் வேலியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஓவசியர் அதைவிடச் சத்தமாக என்னிடம் கத்தினார்.

"முப்பது வருசம் றோட்டுப் புழுதி திண்டவன் நான். எனக்கு வராத தொய்வு பூனையால வருமா தம்பி? சோதிச்சுப் பாப்பம்!"

றோட்டுத் திருத்தும்போது செய்வதுபோலவே வாசலில் சிவப்புக் கொடி நட்டார். பூனைகளைப் பின்வளவுத் தோணிக் கொட்டிலுக்கு மாற்றினார். இரண்டு நாளாக வீட்டைக் கழுவினார். பிறகு கொடியைப் பிடுங்கிவிட்டு, செல்வத்தை அழைத்து மடியில் வைத்துக்கொண்டு அரைநாள் கதை சொன்னார்.

மறுநாள் காலை அவளுக்கு முன்னைவிட மோசமாக இழுத்தது. விசயம் அறிந்து ஓவசியர் ஓடிவந்தார்.

"பாத்தீங்களா! பூனையள்ள குற்றமில்ல!"

என் மனைவி பிள்ளையின் முதுகைத் தடவியபடியே சொன்னாள்: "பூனையெல்லாம் கொட்டிலுக்குள்ளதான் அண்ணே. ஆனா உங்கட கோட்டுல ஆறு பேரும் கிடக்காங்களே!"

அந்தக் கறுப்புக் கோட்டு, தண்ணீர் பட்டால் சுருங்கும் என்று அவர் ஒருநாளும் துவைக்காதது. காலையும் மாலையும் கொட்டிலுக்குப் போய், ஒவ்வொரு துரையையும் அந்தக் கோட்டோடு அணைத்து ஆறுதல் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். முன்பக்கம் முழுக்க வெள்ளை மயிர். ஓவசியர் குனிந்து பார்த்தார். செல்வம் மூச்சு வாங்குவதைக் கொஞ்சநேரம் கேட்டுக்கொண்டு நின்றார். படியிறங்கி நடந்தார்.

சற்று நேரத்தில் வாவிக்கரையில் கூக்குரல். ஓவசியர் கோட்டோடு வாவிக்குள் நடந்துகொண்டிருந்தார். தண்ணீர் கழுத்தளவு.

"ஐயோ, ஓவசியர் சாகப் போறார்!" மீன்பிடிகாரன் ஒருவன் தோணியை வலித்துக்கொண்டு பாய்ந்தான்.

"சாகல்லடா மடையா, குளிக்கிறன்!"

அவன் அதை நம்பவில்லை. அவரைத் தோணிக்குள் இழுத்துப் போட்டான்.

அன்றிலிருந்து மாலைதோறும் குளித்துவிட்டு, முழங்கைவரை சுருங்கிய கோட்டோடு எங்கள் வாசலுக்கு வருவார். "சின்னத் துரை இண்டைக்கு எலிக்குப் பயந்து ஓடினவர் புள்ள!" செல்வம் சிரிப்பாள். அந்தச் சிரிப்பில் விசில் இருக்காது.

மாரியில் ஒருநாள் அவளுக்கு மறுபடி இழுத்தது. இது ஈரக்காற்றால் வந்தது, பூனையால் அல்ல என்று அப்போதிக்கரி விளக்கினார். ஓவசியர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். பிறகு, கொட்டுகிற மழையில், அன்று இரண்டாவது தடவையாகக் கோட்டோடு வாவிக்குள் இறங்கினார்.