கொலுக்குளமும் மூன்று மாத்திரைகளும்

முதுகில் வருகிற வலிகளில் எது நல்ல வலி, எது கெட்ட வலி? ஏழு வருஷமாக யோசிக்கிறேன், இன்னும் தெரியவில்லை. இத்தனைக்கும் நான் பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி படித்தவள். (மேலே படிக்கும்போது இதை நீங்கள் மறந்துவிட்டால் எனக்குச் சந்தோஷம்.)

நித்யா பிறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. குனிந்து பால் கொடுத்து, குனிந்து குளிப்பாட்டி, குனிந்தே தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்த அந்த நாட்களில், ஸ்டூடியோவில் எடுத்த குடும்பப் படம் வந்தது. என் கணவர் அதை வெகுநேரம் பார்த்தார்.

"குழந்தை நல்லா விழுந்திருக்கா. நீதான் அரிவாள்மணை மாதிரி நிக்கறே."

மறுநாளே அடையாறில் ஒரு பிசியோதெரபிஸ்டிடம் போய் நின்றேன். பொறுமையான பெண்.

"குதிகால், முதுகு, பின்தலை மூணும் சுவத்துல படற மாதிரி நில்லுங்க. காலைல அஞ்சு நிமிஷம், சாயந்தரம் அஞ்சு நிமிஷம். முதல்ல கொஞ்ச நாள் தசை வலிக்கும். முடியலைன்னா உங்க டாக்டர் எழுதின மாத்திரை ஒண்ணு, சாப்பிட்டப்புறம் போடுங்க. குத்தற மாதிரி வலிச்சா நிறுத்திட்டு வந்துடுங்க."

எல்லாவற்றையும் நோட்டில் எழுதி, அடிக்கோடும் போட்டேன். ஆனால் பள்ளிக்கூடத்தில் பத்துக் கணக்கு கொடுத்தால் இருபது போட்டுக்கொண்டு போகிற ரகம் நான். அஞ்சு நிமிஷம் இரண்டே நாளில் இருபது நிமிஷம் ஆனது. வலித்தது.

"ஏங்க, இது குத்தற வலியா, இழுக்கற வலியா?"

"உன் முதுகை என்கிட்ட கேட்டா நான் என்னத்தைச் சொல்ல?" என்றவர், பாவம், லஸ் முனை மருந்துக்கடையில் "முதுகுவலிக்கு ஏதாவது குடுங்க" என்று கேட்டு வாங்கி வந்தார். அந்தக் கடைக்காரர் அட்டையிலிருந்து கத்தரியால் நாலு மாத்திரை வெட்டிக் கொடுப்பார். பெயர் அச்சடித்த பக்கம் அவரிடமே தங்கிவிடும். அடுத்த வீட்டு மாமி தன் முட்டிவலிக்கு வைத்திருந்ததிலிருந்து மஞ்சள் மாத்திரை நாலு கொடுத்தார். "எனக்கு நன்னா கேக்கறதுடி. உனக்கும் கேக்கும்." தெருக்கோடி டாக்டரம்மா முன்பே எழுதிக் கொடுத்திருந்த வெள்ளை மாத்திரையும் சேர்ந்து, எல்லாம் ஒரே பவுடர் டப்பாவில் குடியேறின.

நவராத்திரி வெள்ளிக்கிழமை வந்தது. விளக்கேற்றும்வரை எனக்கு விரதம். சாயங்காலம் மாமி வீட்டுக் கொலு. அங்கே நான் நிமிர்ந்து உட்கார்ந்தே ஆகவேண்டும் என்று முடிவு செய்திருந்தேன். காலையிலிருந்து முதுகோ சண்டை போட்டது.

"மாமி, விரதத்துல மாத்திரை போடலாமா?"

"மருந்துக்கு தோஷம் கிடையாதுடி. பேஷாப் போட்டுக்கோ."

தோஷத்தைக் கேட்டேனே தவிர, வயிற்றைப் பற்றிக் கேட்கத் தோன்றவில்லை. காலையில் ஒரு வெள்ளை. மத்தியானம் கடைக்காரர் வெட்டிக் கொடுத்ததில் ஒன்று. நாலு மணிக்கு ஒரு மஞ்சள். எல்லாம் வெறும் தண்ணீரில். வலி போன இடம் தெரியவில்லை. அந்தத் தெம்பில் சுவரோடு முக்கால் மணி நேரம் நின்றேன்.

கொலுவில் நான் உட்கார்ந்த அழகைப் பார்த்து மாமியே அசந்துபோனார். "ஏண்டி, உன்னை அஞ்சாம் படியில தூக்கி வெச்சுடலாம் போலருக்கே! ஒரு பாட்டுப் பாடேன்."

பாடினேன். இரண்டாவது வரியில் வயிறு எரிந்தது. மூன்றாவது வரியில் எழுந்தேன். வாசல் தூரத்தில் இருந்தது. பக்கத்தில் இருந்தது, மாமி ஒரு வாரம் பாடுபட்டு வெந்தயம் முளைக்கவிட்டு அமைத்த பூங்கா. அதன் நடுவே தாம்பாளத்தில் குளம். இதற்கு மேல் நான் விவரிக்கப் போவதில்லை. குளத்துப் பொம்மை வாத்து இரண்டும் கடைசிவரை மிதந்தன என்பதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

மாமி ஒரு வார்த்தை திட்டவில்லை. "குளம் கெடக்கு, விடு. குழந்தை பசிக்கு அழறா பாரு."

நித்யாவை மடியில் போட்டுக்கொண்ட பிறகுதான் எனக்கு உறைத்தது. அந்த மூன்று மாத்திரைகளும் இப்போது பாலில் இருக்குமோ? காலையிலிருந்து எத்தனை தடவை கொடுத்துவிட்டேன்? என் வயிறு எரிவதே மறந்துபோய்விட்டது.

நானும் என் கணவரும் குழந்தையோடு தெருக்கோடி டாக்டரம்மாவிடம் ஓடினோம்.

"என்ன மாத்திரை போட்டீங்க?"

"ஒண்ணு நீங்க எழுதினது டாக்டர். ஒண்ணு மஞ்சள். இன்னொண்ணும் வெள்ளைதான், ஆனா கொஞ்சம் பெரிசு."

"பேரு?"

விரலால் அதன் அளவைக் காட்டினேன்.

"என்ன படிச்சிருக்கீங்க?"

சொன்னேன். டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார்.

"பேரு தெரியாம, பால் குடுக்கலாம்னு நான் எப்படிச் சொல்றது? தெரியறவரைக்கும் கஞ்சி ஏதாவது குடுங்க."

மாமி காய்ச்சிக் கொண்டுவந்த கஞ்சியை நித்யா துப்பினாள். என் புடவையைப் பிடித்து இழுத்து வீறிட்டாள். அந்த ஒரு மணி நேரம் நான் எந்தச் சுவரும் இல்லாமலே விறைத்து நின்றேன். என் கணவர் டப்பாவில் மிச்சமிருந்த வெட்டுத் துண்டோடு லஸ்ஸுக்கு ஓட, கடைக்காரர் மிச்ச அட்டைகளை ஒவ்வொன்றாக அதோடு பொருத்திப் பார்த்து, விளிம்பு சேர்ந்த அட்டையை எடுத்துக் கொடுத்தாராம். மாமியும் தன் மருந்துச் சீட்டைத் தேடி எடுத்துவந்தார்.

டாக்டரம்மா இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். "ரெண்டும் ஒரே மருந்துதாம்மா, கம்பெனிதான் வேற. இதைப் போய் வெறும் வயித்துல ரெண்டு தடவை போட்டிருக்கீங்க. குழந்தைக்கு ஒண்ணும் ஆகாது, பால் குடுங்க. உங்க வயிறுதான் பாவம்." பிறகு நான் சுவரோடு நின்ற கதையையும் கேட்டுவிட்டு, கொஞ்சம் தணிந்த குரலில், "வலியை ஒரேயடியா அமுக்கிட்டு முக்கால் மணி நேரம் நின்னா, போதும்னு முதுகு எப்படிச் சொல்லும்?" என்றார்.

அவர் சொன்னது மறுநாள் காலை புரிந்தது. ஒரு வாரம் அரிவாள்மணையைவிட மோசமாக வளைந்து நடந்தேன்.

இப்போதும் நவராத்திரிக்கு நான் படியேறினால் மாமி உள்ளே குரல் கொடுப்பார்: "அவ வந்துட்டா, குளத்தை மூடுங்கோ!" நித்யாதான் ஓடிப்போய்த் தட்டு போட்டு மூடுவாள். மருந்துக்கடையில் நான் முழு அட்டையாகத்தான் வாங்குகிறேன். கடைக்காரர் கத்தரியை எடுத்தாலே முறைக்கிறேன்.

போன வாரம் நித்யா புத்தக மூட்டையை இறக்கிவைத்துவிட்டு, "அம்மா, முதுகு வலிக்குது" என்றாள். கொஞ்சம் கூனித்தான் நிற்கிறாள். "நிமிர்ந்து நில்லு" என்று வாய்வரை வந்ததை விழுங்கிவிட்டேன். "எப்படி வலிக்குது?" என்றேன்.

"வலிக்கிற மாதிரி வலிக்குதும்மா."

நாளை டாக்டரம்மாவிடம் கூட்டிப்போகிறேன். மாத்திரை டப்பாவை நான் தொடவில்லை. ஆனாலும் இதைப் படிக்கிற அம்மாக்களே, உங்களிடம் ஒன்று கேட்கிறேன். ஏழு வயதுக் குழந்தையிடம் எந்த வார்த்தையில் கேட்டால், அது எந்த வலி என்று சரியாகச் சொல்லும்? தெரிந்தால் எனக்கு எழுதுங்கள்.