சோபா அண்ணன் இல்லாத கல்யாணப் படம்

சோபா அண்ணன் எங்களுக்கு நல்லது செய்தாரா, கெடுதல் செய்தாரா? எவ்வளவோ யோசித்துவிட்டேன், இன்றுவரை பதில் தெரியவில்லை. காலையில் எழுந்ததும் நல்லது என்று தோன்றும். பாப்பாவைக் குளிப்பாட்டி முடிப்பதற்குள் கெடுதல் என்று தோன்றிவிடும்.

ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்வேன். கடத்தூரைச் சுற்றி மாப்பிள்ளை இல்லாமல்கூட ஒரு கல்யாணம் நடந்திருக்கலாம், சோபா அண்ணன் இல்லாமல் ஒன்றும் நடந்ததில்லை. நம்பாதவர்கள் எங்கள் ஊரில் எந்த வீட்டிலாவது ஏறி ஆல்பத்தைக் கேளுங்கள். மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் நடுவில், சற்றுப் பின்னால், சிவப்பு வெல்வெட்டின் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு, இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டையில் ஒருவர் நிற்பார். மணமக்களைவிட நேராகக் கேமராவைப் பார்ப்பார். அவர்தான்.

அவருடைய நிஜப் பெயர் ரேஷன் கார்டுக்குத்தான் தெரியும். வாடகைப் பாத்திரக் கடை வைத்திருக்கிறார். அண்டா, ஜமக்காளம், பிளாஸ்டிக் சேர் எல்லாம் உண்டு. ஆனால் அவருடைய பெருமையெல்லாம் மணமக்கள் உட்காரும் ராஜா சோபாதான். தங்கக் கலர் கால்கள், முதுகில் இரண்டு மயில்கள், உட்கார்ந்தால் உள்ளே இழுத்துக்கொள்ளும் மெத்தை. அண்டாவை யாரிடமும் கொடுத்தனுப்புவார். சோபாவோடு மட்டும் அவரே வருவார். மண்டபத்தில் இறக்கியதிலிருந்து திரும்ப வண்டியில் ஏற்றும் வரை அதன் பின்னாலேயே நிற்பார்.

தாலி கட்டிய கையோடு வந்து உட்கார்ந்த ஒரு மாப்பிள்ளையை, "பின் பாக்கெட்ல சாவி இருந்தா எடுத்துடுங்க, வெல்வெட் கிழிஞ்சுரும்" என்று எழுப்பி நிறுத்தியிருக்கிறார். கம்பைநல்லூரில் பெண்ணின் பெரியப்பா, கொஞ்சம் தாட்டியானவர், ஆசையாக உட்காரப் போனபோது, "ஐயா, உங்க பர்சனாலிட்டிக்கு நீங்க நின்னாத்தான் எடுப்பா இருக்கும்" என்று சொல்லி, பந்தி முடியும் வரை அந்த மனுஷரை நிற்கவே வைத்துவிட்டார். அவர் சந்தோஷமாக நின்றார் என்பதுதான் விசேஷம்.

என் கல்யாணத்தில் ஸ்டூடியோ தம்பி கெஞ்சியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

"அண்ணா, கொஞ்சம் தள்ளிக்குங்கண்ணா. ஜோடிய மட்டும் ஒண்ணு எடுத்துக்கறேன்."

"எடு தம்பி. யாரு வேணாம்ன்றது?"

"நீங்க ஃபிரேம்ல இருக்கீங்கண்ணா."

"நான் இல்லன்னு நெனச்சுக்கிட்டு எடு."

தம்பி அப்படியே நினைத்துக்கொண்டு எடுத்தான். கேமராவுக்குத்தான் அப்படி நினைக்கத் தெரியவில்லை.

கல்யாணமான இரண்டாம் மாதம் என் வீட்டுக்காரர் விமானம் ஏறினார். ஒரு குளிர் நாட்டில் வேலை. எந்த நாடு என்று எழுத மாட்டேன். என் விசா ஃபைல் அங்கே இருக்கிறது. "தமிழ் வாரப் பத்திரிகையை உக்காந்து படிக்கப் போறாங்களாக்கும்?" என்று இவர் கேலி செய்கிறார். படிக்க மாட்டார்கள் என்று என்ன நிச்சயம்?

பாப்பா இவர் போன பிறகு பிறந்தாள். அவளைப் பொறுத்தவரை அப்பா என்றால் உள்ளங்கை அகலத்தில் வெளிச்சமாக இருக்கும் ஒரு பொருள். சார்ஜ் தீர்ந்தால் அப்பாவும் தீர்ந்துபோவார்.

மனைவியையும் குழந்தையையும் அழைத்துக்கொள்ள அந்த நாட்டில் விதி இருக்கிறது. ஆனால் விசாவுக்காகச் செய்துகொண்ட கல்யாணம் இல்லை, உண்மையான கல்யாணம்தான் என்று நாம் காட்ட வேண்டும். இதற்கிடையில் வாரம் ஒரு செய்தி வரும். இனிமேல் குடும்பத்தை அழைக்க விடமாட்டார்களாம். சம்பள வரம்பை ஏற்றப் போகிறார்களாம். அதைச் சொல்வதற்கென்றே என் ஓரகத்தி போன் செய்வாள். விதி மாறுவதற்குள் போய்ச் சேராவிட்டால், பாப்பா சார்ஜர் போட்ட அப்பாவோடேயே வளர்ந்துவிடுவாள் என்று எனக்குப் பயம்.

ஆகவே ஆல்பத்தைக் கரைத்துக் குடித்து, நல்ல படங்களாகப் பொறுக்கி, சரிபார்த்து, சரிபார்த்ததைத் திரும்பச் சரிபார்த்து அனுப்பினேன். பதில் மின்னஞ்சலில் வந்தது. எல்லாப் படங்களிலும் உங்களோடு காணப்படும் ஆண் யார்? அவருக்கும் உங்களுக்கும் என்ன உறவு? கணவனும் மனைவியும் மட்டும் இருக்கும் படம் ஏன் ஒன்றுகூட இல்லை?

அதை அப்படியே வீட்டில் வாசித்துக் காட்டினேன். அத்தைதான், அதாவது என் மாமியார், தைரியம் சொன்னார்.

"சோபாக்காருன்னு எழுதிப் போடு. இதுல என்ன இருக்குது?"

"வளைகாப்புப் படத்துலயும் இருக்காரேங்க அத்தை."

"வளைகாப்புக்கும் அதே சோபாதானே எடுத்தோம்?"

"அது நமக்குத் தெரியும். அவங்களுக்கு?"

அந்த அதிகாரியின் இடத்தில் என்னை வைத்து, படங்களை வரிசையாகப் பார்த்தேன். கல்யாணத்தில் மூன்று பேர் இருக்கிறோம். வளைகாப்பில் கணவரைக் காணோம். நானும் அந்த ஆளும் இருக்கிறோம். பெயர் சூட்டு விழாவில் நான், குழந்தை, அந்த ஆள். எனக்கே என் மேல் சந்தேகம் வந்துவிட்டது.

விஷயம் காதுக்கு எட்டி, சோபா அண்ணனே வீட்டுக்கு வந்தார். முகத்தில் பாதி பதற்றம், பாதி பெருமை.

"என்னம்மா கண்ணு, வெளிநாட்ல என்னையப் பத்தி விசாரிச்சிருக்காங்களாமே?"

நான் மின்னஞ்சலை வாசித்து அர்த்தம் சொன்னேன். பெருமை அப்படியே வடிந்துவிட்டது. வாசல்படியில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். குடித்துவிட்டு, "கெளம்பு, தர்மபுரி போலாம். வக்கீல் முன்னாடி கையெழுத்துப் போட்டுக் குடுத்துடறேன்" என்றார்.

நோட்டரி வக்கீல் அலுவலகத்தில் அண்ணனே உறுதிமொழியைச் சொல்லச் சொல்ல, வக்கீல் டைப் செய்தார். "மேற்படி பெண் மீது எனக்கு எந்த உரிமையும் இல்லை. மேற்படி சோபா மீது முழு உரிமை உண்டு. மேற்படி சோபாவில் நாளதுவரை ஒரு கீறல்கூட விழவில்லை."

வக்கீல் நிமிர்ந்து பார்த்தார். "கீறல் எதுக்குங்க இதுல?"

"இருக்கட்டும் சார். வெளிநாட்டுக்குப் போற பேப்பரு. நாலு பேரு பாப்பாங்க."

இருவர் மட்டும் இருக்கும் படத்துக்காக இவர் சொற்ப லீவில் ஓடிவந்தார். எங்கள் ஊரில் புருஷனும் பெண்டாட்டியும் தனியாகப் படம் எடுத்துக்கொள்வது அவ்வளவு லேசு இல்லை. வீட்டில் எடுத்தால் ஓரத்தில் அத்தை முருங்கைக்கீரை ஆய்வார். மாடியில் எடுத்தால் பக்கத்து வீட்டு மாடியிலிருந்து, "நல்லா சிரி சாமி!" என்று ஒரு அம்மா தலையை நீட்டுவார், அந்தத் தலையும் விழும். கடைசியில் சோபா அண்ணன் தீர்ப்பு சொன்னார்.

"அதே சோபா. அதே ரெண்டு பேரு. நான் கெடையாது. அப்பதான் ஆபீசருக்கு வெளங்கும். ஒகேனக்கல் போயிடலாம், இடம் எடுப்பா இருக்கும்."

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். இவரைப் பார்த்தேன், இவர் என்னைப் பார்த்தார். அதற்குள் குட்டி யானை வண்டியில் சோபா ஏறிவிட்டது, ஸ்டூடியோ தம்பியும் ஏறிவிட்டான்.

ஒகேனக்கல்லில் பரிசல் துறைக்கு மேலே, பாறையைப் பார்த்து சோபாவை இறக்கினார்கள். அண்ணன் சொன்னபடி எட்டப் போய், அருவியைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். நாங்கள் போய் உட்காருவதற்குள் பெங்களூர்க் குடும்பம் ஒன்று தங்கள் பாட்டியை அதில் உட்கார வைத்துவிட்டது. சுற்றுலாத் துறை ஏற்பாடு என்று நினைத்தார்களாம். பின்னாலேயே வரிசை நின்றுவிட்டது.

"அண்ணா, டோக்கன் எங்க குடுக்கறாங்க?" என்று ஒருவர் இவரைக் கேட்டார்.

"டோக்கன்லாம் இல்லங்க, இது எங்க விசாவுக்கு."

"விசாவும் இங்கயே குடுக்கறாங்களா?"

வரிசை இன்னும் நீண்டது. எண்ணெய் மசாஜ் செய்துகொண்டு வந்த ஒருவர், உடம்பெல்லாம் பளபளக்க, சோபாவை நெருங்கினார். திரும்பிப் பார்க்க மாட்டேன் என்று சத்தியம் செய்திருந்த சோபா அண்ணன் அங்கிருந்தே அலறினார்: "யோவ்! எண்ணெ! எண்ணெ!"

ஸ்டூடியோ தம்பி எடுத்த எல்லாப் படத்திலும் யாராவது இருந்தார்கள். மூன்றாவது ஆளை நீக்கப் போய், முப்பதாவது ஆள் வரை சேர்த்துக்கொண்டு திரும்பினோம்.

வரும் வழியில், பென்னாகரம் தாண்டி, அறுவடை முடிந்த ஒரு வயல்காட்டோரம் அண்ணன் வண்டியை நிறுத்தச் சொன்னார். கண்ணுக்கெட்டிய வரை ஆள் இல்லை. சோபாவை இறக்கிப் புளியமரத்தடியில் போட்டுவிட்டு, வரப்பு மேல் நடந்து நடந்து, ஒரு புள்ளியாகும் வரை போய் நின்றார்.

இடம் கிடைத்தது, படம் கிடைக்கவில்லை. பாப்பா என் மடியை விட்டு இறங்கவும் இல்லை, இவரிடம் போகவும் இல்லை. வந்த நாளிலிருந்தே அப்படித்தான். இவர் கையை நீட்டினால் அழுவாள். அழுதுகொண்டே என் போனைப் பிடுங்கி, "அப்பா, அப்பா" என்று அதற்குள் தேடுவாள்.  இவர் சட்டென்று தன் போனை எடுத்து, அதே சோபாவில் இருந்துகொண்டே, பக்கத்தில் இருக்கும் எங்களுக்கு வீடியோ கால் போட்டார்.

பாப்பா என் போனில் அப்பாவைப் பார்த்தாள். ஒரே சிரிப்பு. போனிலிருந்தும் குரல் வந்தது, பக்கத்திலிருந்தும் வந்தது. போனைப் பார்த்தாள், இவரைப் பார்த்தாள். சட்டை ஒன்றுதான். ஒரு விரலை நீட்டி, இவர் மூக்கைத் தொட்டுப் பார்த்தாள். ஸ்டூடியோ தம்பி அதை எடுத்துவிட்டான்.

"எடுத்தாச்சா?" என்று வரப்பிலிருந்து குரல் வந்தது.

"எடுத்தாச்சுங்கண்ணா!" என்றான் தம்பி.

பாப்பாவும் சேர்ந்து விழுந்த அந்தப் படத்தையும் வக்கீல் பத்திரத்தையும் அனுப்பினோம். இவர் வேலைக்குத் திரும்பினார். சோபா அண்ணன் ஒரு முடிவெடுத்தார். இனி எந்தக் கல்யாணப் படத்திலும் நிற்பதில்லை. "இன்னொரு பொண்ணு விசாவுல நான் கேள்வியா நிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டார். சோபாவை இறக்குவார், சமையல்கட்டுப் பக்கம் போய் உட்கார்ந்துகொள்வார். போட்டோக்காரர்களுக்குத் தீபாவளி மாதிரி இருந்தது.

நாலைந்து முகூர்த்தம் இப்படிப் போனது. ஒரு வெள்ளிக்கிழமை அத்தைக்கு ஒரு போன் வந்தது. அரபு நாட்டிலிருந்து, சோபா அண்ணனின் மனைவி. அப்படி ஒருவர் இருப்பதையே ஊர் ஏறக்குறைய மறந்திருந்தது. வீட்டு வேலைக்கென்று போய்ப் பல வருஷம் ஆகிறது. எப்போதாவது வருவார், லீவு முடிந்ததும் போய்விடுவார். வீட்டு வேலைக்குப் போகிறவர்கள் புருஷனை அங்கே அழைத்துக்கொள்ள முடியாதாம். அவர்களை யாரும் படம் கேட்கவில்லை. உறவு உண்மைதானா என்றும் கேட்கவில்லை. எதையும் கேட்காமலேயே விசா இல்லை என்று சொல்லியாகிவிட்டது.

அத்தை ஸ்பீக்கரில் போட்டார். அந்த அக்கா அழுதுகொண்டிருந்தார்.

"அக்கா, உண்மையச் சொல்லுங்க. அவுரு நல்லா இருக்காரா? ஸ்டூடியோ தம்பி ஃபேஸ்புக்ல போடற எந்தப் படத்துலயும் ஆளையே காணோம்."

"போன்ல பேசறாரு இல்ல?"

"நல்லா இருக்கேன்றாரு. டெங்கு வந்து ஆஸ்பத்திரில கெடந்தப்பவும் அதையேதான் சொன்னாரு. வீடியோ கால் போட்டா சீலிங் ஃபேனக் காட்றாரு. ஃபேன் நல்லா இருக்குது, எனக்குத் தெரியும். ஆளு எப்படி இருக்காருக்கா?"

அன்று மாலையே நான் கடைக்குப் போனேன். சோபா அண்ணன் அண்டாவைத் துடைத்துக்கொண்டிருந்தார். கேட்டதும் இன்னும் வேகமாகத் துடைத்தார்.

"வீடியோல என்ன கண்ணு பேசறது? சாப்டியான்னு கேப்பேன். சாப்டேன்னுவா. அப்புறம் ரெண்டு பேரும் முழிச்சுக்கிட்டு இருப்போம். போட்டோன்னா பேச வேண்டாம் பாரு. எளச்சிருக்கனா, அவ எடுத்துக் குடுத்த சட்டயப் போட்டிருக்கனான்னு அவளே பாத்துக்குவா. வாரத்துக்கு ஒரு ஊரு, ஒரு கல்யாணம். அவளும் வந்து போன மாதிரி இருக்கும்."

"அப்ப சோபாவுக்காக நிக்கலீங்களா?"

"அதுக்கு என்ன, அது பாட்டுக்கு இருக்கும்."

எங்கள் விசா போன வாரம் வந்தது. எனக்கும் பாப்பாவுக்கும். இவருடைய பெர்மிட் உள்ளவரைதான் செல்லும், பிறகு புதுப்பிக்க வேண்டும், அதற்கும் படம் கேட்பார்களோ என்னவோ. எதைப் பார்த்து எங்களை நம்பினார்கள் என்று கடிதத்தில் ஒரு வரி இல்லை. மூக்கைத் தொடும் படமா, கீறல் இல்லாத சோபாவா, தெரியவில்லை.

சோபா அண்ணன்தான் இன்னும் முழுசாக இறங்கி வரவில்லை. ஆவணியில் எங்கள் தெருவில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளைக்கு வெளிநாட்டில் வேலை. பெண்ணே போய், "வந்து நில்லுங்கண்ணா" என்று கூப்பிட்டுவிட்டாள். நானும் மன்றாடினேன். கடைசியாக ஒரு வழிக்கு வந்தார்.

"சரி, நிக்கறேன். ஆனா எவ்வளவு தள்ளி நின்னா ஆபீசருங்க தப்பா நெனைக்க மாட்டாங்கன்னு, நீ படிச்ச புள்ள, கேட்டுச் சொல்லு."

யாரைக் கேட்பது? அந்த அலுவலகத்துக்கே எழுதலாம்தான். எழுதி, என் ஃபைலைத் திரும்பத் திறந்துவிட்டால்? அதனால் உங்களைக் கேட்கிறேன். கல்யாணப் படம் கொடுத்து விசா வாங்கிய வாசகர்கள் யாராவது சொல்லுங்கள், மணமக்களிடமிருந்து ஒருவர் எத்தனை அடி தள்ளி நிற்கலாம்? ரொம்பத் தூரமாகச் சொல்லிவிடாதீர்கள். அரபு நாட்டில் இருக்கும் அந்த அக்காவின் போன் சின்னது, பெரிதாக்கிப் பார்த்தால் முகம் தெரிய வேண்டும்.