தேங்காய் அடித்த சுவர்

சுவர் உடைந்துவிட்டது. தேங்காய் உடையவில்லை.

கதிர்காமநாதன் வாயைப் பிளந்தபடி நின்றார். ஊரில் சுவர் என்றால் கல். அந்த நம்பிக்கையில் பிள்ளையாரை நினைத்து ஓங்கி அடித்த தேங்காய், வெள்ளைக்காரத் தேசத்து ஸ்பிரிங்வேல் வீட்டின் ஹாட்போர்ட் பலகைப் பின்சுவரைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய்ச் சுகமாக உட்கார்ந்திருந்தது.

"ஆராவது சுவரில தேங்காய் அடிப்பினமோ?" என்றாள் மனைவி யோகராணி, கையில் பால் சட்டியோடு.

"படி மரப்படியப்பா. உடைஞ்சிடும் எண்டுதான் சுவரில அடிச்சனான்."

இதில் பெரிய தலையிடி, வீடு இன்னும் அவர்களுடையது இல்லை. சொந்தக்காரர் ஹாரிஸுடன் வாய்ப்பேச்சு மட்டும்தான் முடிந்திருந்தது. கையெழுத்து திங்கட்கிழமை. அன்றைக்கே ஆடியும் பிறந்துவிடும். அதற்கு முன் பாலைக் காய்ச்சிவிட வேண்டுமென்று கெஞ்சிச் சாவி வாங்கியிருந்தார் கதிர்காமநாதன். எழுபத்தெட்டாம் ஆண்டின் அந்த ஆனிக் கடைசிச் சனிக்கிழமை, ஹாரிஸும் மனைவி ஜோய்ஸும் ஜீலோங்கில் மகள் வீட்டில் இருந்தார்கள்.

ஒரு வருடம் அலைந்து கைக்கு எட்டிய ஒரே வீடு. குசினி ஜன்னலைப் பார்த்த அன்றே யோகராணி மனத்தால் குடிவந்துவிட்டாள்.

"ஓட்டையைக் கண்டால் அந்த மனுசன் வீட்டைத் தராது" என்று அவள் கண்ணைக் கசக்க, கதிர்காமநாதன் போன் அடித்து நண்பர் வரதராஜாவைக் கூப்பிட்டார். வரதராஜா இலங்கையில் பாலம் கட்டிய எஞ்சினியர்.

"மரத்தூளை அமத்திச் செய்த பலகைதானே மச்சான்! ஒண்டைக் கழட்டி ஒண்டைப் போட்டால் முடிஞ்சுது."

ஒன்றை மட்டும் கழற்ற முடிந்தால்தானே! ஒவ்வொரு பலகையின் தலையிலும் அடுத்த பலகை ஏறி உட்கார்ந்திருந்தது. மேலே உள்ளதை நெம்பினால் அது வெடித்தது. அதற்கும் மேலே உள்ளதை நெம்பினால் அதுவும் வெடித்தது. கீழே இருந்தவையோ மழையைக் குடித்து வீங்கி, தேநீரில் நனைத்த பிஸ்கட் போலக் கையோடு வந்தன. பத்து மணிக்குப் பின்சுவரே இல்லை. சட்டங்கள் மட்டும் நின்றன.

"வரதண்ணை, பாலத்தையும் இப்பிடித்தான் கட்டினனீங்களோ?"

"பாலத்தில ஹாட்போர்ட் இல்லைத் தங்கச்சி."

சனிக்கிழமை மத்தியானம் கடை பூட்டுமுன் டண்டினொங் மரக்கடைக்கு ஓடினார்கள். புதுப்பலகை அடித்து முடிந்தபோது அடுத்த வில்லங்கம் பல்லைக் காட்டியது. பழைய சுவர்கள் மங்கிய மஞ்சள். புதுச்சுவர் பளீர் வெள்ளை. தெருவில் போகிறவனுக்கும் களவு தெரியும்.

பின்சுவருக்கு மஞ்சள் பெயின்ற் அடித்தார்கள். இப்போது பக்கச்சுவர்கள் அழுக்காகத் தெரிந்தன. அவற்றுக்கும் அடித்தார்கள். முன்சுவர் முறைத்தது. ஞாயிறு காலைத் தூறலில் யோகராணி தார்ப்பாயைத் தூக்கிப் பிடிக்க, ஆண்கள் இருவரும் இடுப்பு ஒடிய அடித்து முடித்தார்கள். மாலையில் வீடு புதுமாப்பிள்ளையாக மினுங்கியது. வரதராஜாவின் மீசையும் மஞ்சளாகிவிட்டது.

திங்கட்கிழமை ஹாரிஸ் தம்பதி வந்து இறங்கினார்கள். ஹாரிஸ் வீட்டைச் சுற்றி வந்தார். பின்சுவரைத் தட்டிப் பார்த்தார். விரலில் மஞ்சள் ஒட்டியது.

அதற்குமேல் கதிர்காமநாதனால் தாங்க முடியவில்லை. பிள்ளையார், ஆடி, தேங்காய் எல்லாவற்றையும் தன் ஆங்கிலத்தில் கொட்டித் தீர்த்தார்.

ஹாரிஸ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கதிர்காமநாதனின் தோளில் இரண்டு தட்டு தட்டினார். யோகராணிக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"அப்ப, கையெழுத்துப் போட எத்தனை மணிக்குப் போவம்?" என்று அவளே ஆசையோடு கேட்டாள்.

சுவரைத் தடவிக்கொண்டு நின்ற ஜோய்ஸ் ஓடிவந்து அவளைக் கட்டிப்பிடித்து, ஆனந்தக் கண்ணீரோடு சொன்னாள்:

"கையெழுத்தா? இனி எதற்கு? இந்தப் பாழாய்ப்போன சுவரைத் திருத்தமாட்டேன் என்று இவர் அடம்பிடித்ததால்தானே, கண்ணே, வீட்டை விற்கவே கிளம்பினோம்!"