நிங்கேகௌடரின் முகக்கவசம்

நிங்கேகௌடரின் முகக்கவசம் மறுபடியும் தாடைக்கு இறங்கியிருந்தது.

வசுந்தரா அப்போதுதான் பேச ஆரம்பித்திருந்தாள். காலை ஆறே கால் மணி. மைசூர் விஜயநகர் இரண்டாம் ஸ்டேஜ் பார்க்கில் பனி இன்னும் விலகவில்லை. இருபத்தொரு பேர் பாய் விரித்து உட்கார்ந்திருக்க, யோகா ஆரம்பிக்கும் முன் தினமும் சொல்வதைத்தான் அன்றும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"நடக்கும்போதும் மெதுவா உடம்பை வளைக்கும்போதும் மாஸ்க் மூக்கை மூடியிருக்கணும். வேகமா மூச்சு விடற பயிற்சிக்கு மட்டும் ஆறடி தள்ளி உக்காந்து, நான் சொன்னப்புறம் கழட்டலாம். வேர்வையில நனைஞ்சுதுன்னா வேற மாத்திக்கணும். தலை சுத்தினா வீரம் காட்டாம ஒதுங்கி உக்காரணும். புரிஞ்சுதா?"

இருபது பேர் தலையாட்டினார்கள். இருபத்தொன்றாவது ஆளான நிங்கேகௌடர் முதல் வரிசையில் அவளுக்கு நேரெதிரே உட்கார்ந்து, அவள் முகத்தையே பார்த்துச் சிரித்தார்.

"கௌடரே, மாஸ்க்."

அவர் சந்தோஷமாகத் தாடையைத் தொட்டுக் காட்டினார். பிறகு முகக்கவசத்தை இன்னும் ஓர் அங்குலம் கீழே இழுத்தார்.

வசுந்தராவுக்குக் காது மடல் சுட்டது.

கொரோனாவால் ஒன்பது மாதம் பூட்டிக் கிடந்த பார்க் அது. கார்ப்பரேஷன் அலுவலகத்துக்கு ஏழு தடவை நடந்து, முகக்கவசத்துக்கு நான் பொறுப்பு என்று எழுதிக் கொடுத்து, அவள் வாங்கிய அனுமதி. யாராவது ஒருவர் விதியை மீறினாலும் வகுப்பு ரத்து. அதனால் வசுந்தரா வீட்டு வாசலில் மாட்டும் முகக்கவசத்தை வீட்டு வாசலில்தான் கழற்றுவாள். நடுவில் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. வேக மூச்சுப் பயிற்சியில் மற்றவர்கள் கழற்றும்போதும் அவள் வெறுமனே எண்ணிக்கை மட்டும் சொல்வாள். எண்ணுவதற்கு மூக்கு எதற்கு?

இவ்வளவும் செய்கிறவளின் கண்ணெதிரே இந்த மனிதர் தாடைக்கு முகக்கவசம் போடுகிறார்.

"ஒருவேளை மூச்சு முட்டுதோ என்னவோ," என்றார் அவள் கணவர் ஸ்ரீகண்டய்யா, வீட்டில் உப்புமாவைப் பிசைந்தபடி. "வயசானவர். கடைசி வரிசையில, காத்து வர்ற பக்கமா உக்கார வையேன்."

நியாயமாகத்தான் பட்டது. மறுநாள் நிங்கேகௌடரின் பாயைத் தானே தூக்கிக்கொண்டு போய்க் கடைசி வரிசையில், வேப்பமரத்துக்கு அந்தப் பக்கம் விரித்தாள். "இங்க யாரும் கிட்ட இல்ல. முட்டினா கழட்டி வச்சுக்கலாம்," என்றாள்.

கௌடர் கைகூப்பினார். அவள் திரும்பி முன்னால் வந்து நின்றபோது, பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அவரும் பின்னாலேயே வந்திருந்தார். பழைய இடத்துக்கும் இரண்டடி முன்னால், கிட்டத்தட்ட அவள் கால் பெருவிரலருகே, பாயை விரித்து உட்கார்ந்தார். முகக்கவசம் தாடையில்.

அடுத்த நாள் வசுந்தரா ஐந்தரைக்கே வந்து, கோலப் பொடியால் ஆறடிக்கு ஒன்றாக இருபத்தொரு வட்டம் போட்டாள். நடைப்பயிற்சிக்கு வந்தவர்கள் ஏதோ ஹோமம் என்று நினைத்துச் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்கள். மூன்று வட்டங்களில் நாய்கள் படுத்துக்கொண்டன. நிங்கேகௌடர் தன் வட்டத்தை ஆர்வமாகப் பார்த்தார். அதன் நடுவில் செருப்பை விட்டுவிட்டு, பாயோடு முன்னால் வந்து உட்கார்ந்தார்.

"மேடம், அவருக்கு ஒரு சட்டம், எங்களுக்கு ஒரு சட்டமா?" என்று கேட்டாள் இரண்டாம் வரிசை இந்திராணி. அப்படியே தன் முகக்கவசத்தையும் மூக்குக்குக் கீழே இறக்கினாள். அவளைப் பார்த்து இன்னும் நாலு பேர் இறக்கினார்கள். வார முடிவில் வகுப்பில் பாதி மூக்குகள் வெளியே இருந்தன.

"ஒரு மனுஷரைத் திருத்தப் போய் பத்து பேரைக் கெடுத்து வச்சிருக்கேன்," என்று வீட்டில் பொரிந்தாள் வசுந்தரா. "ஆசனமாவது ஒழுங்காப் பண்றாரா? எல்லாரும் கையைத் தூக்கி இறக்கினப்புறம்தான் அவர் கை மேல போகுது. அதுவும் பக்கத்து ஆளைப் பாத்துட்டு. நான் ஒருத்தி முன்னால நின்னு தொண்டை கிழியக் கத்தறேன். அவர் பாட்டுக்கு என் முகத்தைப் பாத்து இளிச்சிட்டு உக்காந்திருக்கார்."

"துணி முரடா இருக்கோ என்னவோ," என்றார் ஸ்ரீகண்டய்யா. "மெல்லிசா ஒண்ணு தச்சுக் கொடேன்."

அதையும் செய்தாள். பழைய பருத்திப் புடவையைக் கிழித்து, மூன்று மடிப்பு வைத்து, மூக்கின் மேல் படிய உள்ளே மெல்லிய கம்பி கொடுத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமையை அதற்கே செலவழித்தாள். கௌடர் அதை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அழகாக மாட்டினார். ஒரு நிமிடம் எல்லோருக்கும் காட்டினார். பிறகு வசுந்தராவின் முகத்தைப் பார்த்து, புது முகக்கவசத்தை மெதுவாக, ஏதோ பாடம் நடத்துகிறவர் மாதிரி, தாடைக்கு இறக்கினார்.

அன்று மாலை ஸ்ரீகண்டய்யாவே கடைக்குப் போய் ஒரு விசில் வாங்கி வந்தார். "கத்தாதே. ஊது," என்றார்.

செவ்வாய்க்கிழமை கௌடர் முகக்கவசத்தை இறக்கியதும் வசுந்தரா விசிலை எடுத்தாள். முகக்கவசத்தின் மேலேயே வைத்து ஊதிப் பார்த்தாள். காற்று வரவில்லை, துணிதான் ஈரமானது. வேறு வழியில்லாமல், ஆறு வாரத்தில் முதல் தடவையாக, ஒரே ஒரு கணம், தன் முகக்கவசத்தைக் கீழே இறக்கி ஊதினாள்.

நிங்கேகௌடரின் முகம் பௌர்ணமியானது. சட்டென்று தன் முகக்கவசத்தை மேலே ஏற்றி, மூக்குக் கம்பியை இரண்டு விரலால் அழுத்தி, இதோ பார் என்பதுபோல நிமிர்ந்து உட்கார்ந்தார். அவள் சொல்லிக் கொடுத்ததில் ஒரு நூல் பிசகில்லை.

வசுந்தரா திருப்தியோடு தன்னுடையதை ஏற்றினாள். அவர் இறக்கினார்.

அவள் இறக்கி ஊதினாள். அவர் ஏற்றினார். அவள் ஏற்றினாள். அவர் இறக்கினார்.

மூன்றாம் தடவை வகுப்பே சிரித்தது. இந்திராணி பாயில் உருண்டு சிரித்தாள். அந்த நேரம் பார்த்துத்தான் கார்ப்பரேஷன் சுகாதார ஆய்வாளர் பின் வாசல் வழியாக வந்து நின்றார். அவர் கண்ணில் பட்டது, முகக்கவசத்தை இறக்கிவிட்டு விசில் ஊதிக்கொண்டிருக்கும் யோகா டீச்சர்.

"நல்லா நடத்தறீங்க மேடம்," என்றார் ஆய்வாளர். "இன்னொரு தடவை பாத்தேன்னா அனுமதி கிடையாது."

ஆறு வாரம் தண்ணீர்கூடக் குடிக்காமல் காத்த பெயர். வசுந்தராவுக்கு அழுகை வந்தது. முகக்கவசம் இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. வீட்டுக்குப் போய் நாலு பக்கத்துக்குப் புகார் எழுதினாள்.

புதன்கிழமை காலை, வகுப்பு முடிந்ததும், பார்க் கமிட்டிச் செயலாளர் மாதப்பா சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்து விசாரணை நடத்தினார். யாரையும் பகைத்துக்கொள்ளாத மனிதர். அதனாலேயே பதினோரு வருடமாகச் செயலாளர். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு முகக்கவசம் போட்டிருந்தார். எதிரே கௌடர் பாயைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு பவ்யமாக உட்கார்ந்தார்.

"கௌடரே, டீச்சரம்மா உங்க மேல புகார் கொடுத்திருக்காங்க. நீங்க வேணும்னே மாஸ்க்கை இறக்கறீங்களாம். ஒத்துக்கறீங்களா?"

கௌடர் சிரித்துத் தலையாட்டினார்.

"பாத்தீங்களா," என்றாள் வசுந்தரா.

"இல்ல, மூச்சு முட்டித்தான் இறக்கினீங்களா?"

அதற்கும் தலையாட்டினார்.

"மன்னிப்புக் கேக்கறீங்களா?"

தலையாட்டினார்.

"கேக்க முடியாதுன்னு சொல்றீங்களா?"

இன்னும் பலமாகத் தலையாட்டினார். மாதப்பா பேனாவை மூடி வைத்தார். "என்ன மேடம், எல்லாத்துக்கும் ஆமாங்கறார். நான் எதைன்னு எழுதறது?"

"எல்லாரையும் கேலி பண்றார்னு எழுதுங்க," என்றாள் வசுந்தரா. "இவரைச் சேர்த்தது நான் பண்ணின தப்பு. பெங்களூர்ல இருந்து இவர் மகன் போன் பண்ணி, அப்பா வீட்டிலேயே முடங்கிக் கிடக்கார், ஒரு இடம் கொடுங்கன்னார். இரக்கப்பட்டுக் கொடுத்தேன். இருபத்தொரு பேர் ஒன்பது மாசம் கழிச்சு வெளியில வந்து ஆகாசத்தைப் பாக்கறாங்க. அதையும் மூட வைக்கப் பாக்கறார் இந்த மனுஷர். இவர் பேரை எடுத்துடுங்க. இல்லைன்னா நான் நாளையிலிருந்து வரல."

மாதப்பா பெருமூச்சோடு வருகைப் பதிவேட்டைத் திறந்து, நிங்கேகௌடரின் பெயர் மேல் பேனாவை வைத்தார். கௌடர் அதை எட்டிப் பார்த்தார். முதல் தடவையாக அவர் சிரிப்பு மறைந்தது. மாதப்பாவின் இரட்டை முகக்கவசத்தையும் வசுந்தராவின் முகக்கவசத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அவசர அவசரமாகத் தன்னுடையதைத் தாடைக்கு இழுத்து, விரலால் தட்டித் தட்டிக் காட்டினார்.

"இப்பவும் பாருங்க," என்றாள் வசுந்தரா. "கமிட்டி முன்னாலேயே."

அப்போதுதான் பை நிறைய அவரைக்காயோடு கௌடரின் மனைவி புட்டம்மா அந்தப் பக்கம் வந்தாள். மார்க்கெட்டுக்குப் போய்விட்டு, புருஷனைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போக வந்தவள். கூட்டத்தைக் கண்டு பையைக் கீழே வைத்தாள்.

"என்ன சாமி ஆச்சு? விழுந்துட்டாரா?"

"விழல," என்றார் மாதப்பா. "டீச்சரம்மா ஆறு வாரமா சொல்றாங்க. உங்க வீட்டுக்காரர் கேக்கறதே இல்ல. அதான் பேரை எடுக்கறோம்."

புட்டம்மா புருஷனைப் பார்த்தாள். அவர் கைகளால் மளமளவென்று ஏதோ காட்டினார்: வசுந்தராவை, விசிலை, தன் தாடையை, மறுபடி வசுந்தராவை. புட்டம்மா இடுப்பில் கை வைத்து முழுவதையும் பார்த்து முடித்தாள். பிறகு வசுந்தராவின் பக்கம் திரும்பினாள். அவள் கண்ணில் இருந்த கோபத்துக்கு முன்னால் வசுந்தராவின் நாலு பக்கக் கோபம் ஒன்றுமே இல்லை.

"எப்படித் தாயே கேக்கும், இருபது வருஷமா ரெண்டு காதும் அவிஞ்ச மனுஷருக்கு? உதட்டைப் பாத்துதான் பேச்சே புரியும். டீச்சரம்மாவை மாஸ்க்கைக் கொஞ்சம் இறக்குங்கன்னு எப்படிச் சொல்றதுன்னு கூச்சப்பட்டு, ஆறு வாரமா உங்களுக்கு இறக்கி இறக்கிக் காட்டிட்டிருக்காராம், நீங்கதான் சொன்னா கேக்கவே மாட்டேங்கறீங்களாம்."