வரிக்குதிரை அண்ணையின் ஏழு வரிகள்

கொழும்பு வெள்ளவத்தை முழுக்கத் தேடினாலும், வரியில்லாத மொட்டைக் கைப்பிடியைக் கண்டால் நித்திரை வராத மனிதர் ஒருவர்தான் கிடைப்பார். அவர் எங்கள் தொடர்மாடியில் வாடகைக்கு இருந்தார். சொந்தப் பெயர் யாருக்கும் ஞாபகமில்லை. வரிக்குதிரை அண்ணை என்றால் கடற்கரைக் காகத்துக்கும் தெரியும்.

கொட்டாஞ்சேனையில் ஒரு கடைசல் பட்டறையில் அவருக்கு வேலை. இரவல் வாங்கிய சுத்தியலின் தலையைக் கழற்றுவார். கைப்பிடியை மெஷினில் பூட்டிச் சுழலவிட்டு, அதன்மேல் ஒரு கம்பியை இழுத்து அழுத்துவார். புகை எழும்பும், கம்பி பட்ட இடம் கருகி வளையமாக வரி விழும். ஒரு வீட்டுக்கு இரண்டு வரி, இன்னொரு வீட்டுக்குத் தடித்தது ஒன்றும் மெல்லியது இரண்டும்.

கேட்டுச் செய்தாலாவது பரவாயில்லை. ஒரு ஆணி அடிக்கவென்று என் சுத்தியலை வாங்கிப் போனவர், நாலு நாள் கழித்து மூன்று வரியோடு கொண்டுவந்தார்.

"என்னண்ணை இது?"

"மொட்டையாக் கிடந்துது தம்பி. பாக்கப் பாவமா இருந்துது."

சுத்தியலுக்குப் பாவப்பட்ட ஒருவரை அன்றுதான் கண்டேன். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. அடுத்தது மேல்மாடி அன்ரியின் ரொட்டிக் கட்டை. அன்ரி உருட்டிய ரொட்டியெல்லாம் கோடு கோடாக வந்தது. பிள்ளைகளோ கோடில்லாத ரொட்டியைத் தொடமாட்டோம் என்று அடம்பிடித்தார்கள்.

கடைசியில் விவகாரம் குடியிருப்போர் சங்கத் தலைவர் ஐயாவின் கைத்தடியில் வந்து நின்றது. அடியில் தேய்ந்த றப்பரை மாற்றித் தருகிறேன் என்று கொண்டுபோன அண்ணை, ஏழு வரி போட்டுக் கொண்டுவந்தார்.

"இது கைத்தடியோ, கட்டுவிரியனோ?" ஐயா கொதித்துப் போனார். அண்ணையை வீட்டைவிட்டு எழுப்பிவிடச் சொல்லி வீட்டுக்காரருக்குக் கடிதம் தயாரானது. முதல் கையெழுத்து என்னுடையது. ஞாயிற்றுக்கிழமை கூட்டம், பழுதாக்கிய சாமான்களைச் சாட்சிக்குக் கொண்டுவரவும் என்று வாட்ஸ்அப்பில் அறிவித்தல் வந்தது.

கூட்டத்தன்று மேசை நிறையச் சுத்தியல், திருப்புளி, விளக்குமாறு. அண்ணை ஒரு மூலையில் உப்புத்தாளோடு நின்றார். அவருக்கு வேறு போக்கிடம் இல்லை.

"எல்லாத்தையும் தேய்ச்சு எடுத்துவிடுறன் ஐயா. எழும்பச் சொல்லாதேங்கோ."

"சரி. ஆருடைய சாமானில தொடங்குறது?" என்று கேட்டார் ஐயா.

அண்ணை ரொட்டிக் கட்டைக்குக் கை நீட்டினார்.

"ஐயோ, என்ரயில கைவையாதேங்கோ!" அன்ரி பாய்ந்து பிடுங்கினார்.

"அந்த ரெண்டு வரி எங்கட" என்றார் ஒருவர்.

"விசர்க் கதை கதையாதேயும், உம்மட மூண்டு!" என்று இன்னொருவர் பறித்தார்.

ஐந்து நிமிடத்தில் மேசை வெறுமையானது. நானும் சத்தமில்லாமல் என் சுத்தியலை எடுத்துக்கொண்டேன். ஐயா தன் கைத்தடியைப் பார்த்தார், உப்புத்தாளைப் பார்த்தார். கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

"கூட்டம் முடிஞ்சுது" என்று தடியை ஊன்றி எழும்பினார்.

பின்னேரம் அண்ணை என் கதவைத் தட்டினார். கையெழுத்தைப் பற்றிக் கேட்கத்தான் வருகிறார் என்று நினைத்துக்கொண்டே கதவைத் திறந்தேன்.

"தம்பி, உங்கட நடுவரி கொஞ்சம் சரிஞ்சு போச்சு. செய்த நாளில இருந்து மனசு கேக்கேல்லை. ஒருக்காத் தாங்கோவன், வடிவாச் செய்து தாறன்."

வெட்கத்தில் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. சுத்தியலைக் கொடுத்தேன். அவர் படியிறங்கப் போனபோது கூப்பிட்டு நிறுத்தி, அவர் கண்ணில் படாமல் அலுமாரிக்குள் ஒளித்து வைத்திருந்த என் புது உளியையும் கொண்டுவந்து கையில் வைத்தேன்.