பதினேழாம் பக்கத்துக் கோடுகள்

உத்தியோகம் என்னவோ குழாய்க் கிடங்கில் மேற்பார்வை. ஆனால் ஊரில் அவருக்குப் பெயர் 'கருத்து'. மாதத்தின் முதல் ஞாயிறு அவர் வீட்டு முன்னறையில் கூட்டம். பல் டாக்டர், மருந்துக்கடைக்காரர், நூலகர் மூவரும் அந்த மாத இலக்கியப் பத்திரிகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வருவார்கள். பத்திரிகை 'அந்நியமாதல்' என்று எழுதிவிட்டால் போதும், மாதம் முழுக்க அந்நியமாதல்தான். பல் டாக்டர் நோயாளியின் வாயில் கையை விட்டுக்கொண்டே அதைப் பற்றிப் பேசுவார். நோயாளி பாவம், மறுத்துப் பேசவும் முடியாது.

கடைசியில் தீர்ப்புச் சொல்வது கருத்துதான். அவர் அந்தப் பத்திரிகையைப் படித்ததே இல்லை என்பது கூட்டத்தில் யாருக்கும் தெரியாது.

படிப்பது மனைவி. தபால் மதியம் வரும். மாலையில் இவர் ஷூவைக் கழற்றுவதற்குள் அவள் அத்தனையையும் கரைத்துக் குடித்திருப்பாள். சாப்பிடும்போது அவள் சொல்லச் சொல்ல இவர் மனப்பாடம் செய்வார். பிறகு சிவப்புப் பென்சிலை எடுத்து, பக்கத்துக்கு நாலு வரி என்று குத்துமதிப்பாகக் கோடு போடுவார். பத்தொன்பது வருஷமாக இதுதான் நடைமுறை. ஒருமுறை அவள் சொன்ன கருத்தைப் பத்திரிகையே பெட்டி கட்டிப் போட்டது, இவர் பெயரில். அதற்குச் சட்டம் போட்டு முன்னறையில் மாட்டியதும் இவர்தான். தினமும் தூசி தட்டுவது அவள்.

நாலு மாதம் முன்பு, அவள் டீ கொண்டுவந்தபோது பல் டாக்டர் கேட்டார்.

"வீட்ல அவங்களும் படிப்பாங்களா?"

"இவளா? சமையல் குறிப்பைத் தாண்ட மாட்டா சார்!"

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கவனித்திருக்க வேண்டும். கருத்து பிஸ்கட்டைக் கவனித்தார்.

போன வாரம் அவளே சொன்னாள்.

"என்னங்க, கடுதாசி வந்திருக்கு. ஞாயித்துக்கிழமை பத்திரிகை ஆசிரியரே நம்ம வீட்டுக்கு வர்றாராம். மாசா மாசம் ஒரு பகுதி எழுதச் சொல்லிக் கேக்கணுமாம்."

கருத்துக்குக் கால் தரையில் பாவவில்லை. குழாய்க்கு நடுவிலேயே கிழடாகிவிடுவோம் என்று பயந்திருந்தவர். இனி மாதாமாதம் பெயர் அச்சில் வரும்!

"இந்த இதழ்ல எதைப் பத்திப் பேசட்டும்?"

"பதினேழாம் பக்கத்துக் கதை. கலங்கரை விளக்கத்துக் காவலாளி, ஒரே தனிமை. ஊரே அதைத்தான் பேசுது. விட்டுடாதீங்க."

பதினேழாம் பக்கத்தில் ஏழு கோடு போட்டார்.

ஞாயிறன்று ஆசிரியருக்கு எதிரே எழுந்து நின்று, கடலின் தனிமையைப் பற்றிப் பத்து நிமிடம் பொளந்து கட்டினார். மருந்துக்கடைக்காரர் இருமினார். நூலகர் கூரையைப் பார்த்தார்.

"அந்தக் கதையில கடல் எங்க வருது?" என்றார் ஆசிரியர்.

"உள்மனசுக் கடல் சார்."

"சரி, நீங்க கோடு போட்ட வரியைக் கொஞ்சம் வாசிங்களேன்."

கருத்து தொண்டையைச் செருமிக்கொண்டு கணீரென்று ஆரம்பித்தார். "'அவர் ஒரு வரியும் படித்ததில்லை. சிவப்புப் பென்சிலால் கோடு மட்டும் போடுவார்...'" குரல் இறங்கியது. அடுத்த கோடு. "'ஒருநாள் இந்த வரிக்கும் போடுவார்.'"

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை.

"புனைபெயர்ல வந்த கதை. முகவரி இந்த வீடு. நீங்கதான்னு நினைச்சு வந்தேன்," என்றார் ஆசிரியர். "நீங்க இல்லைன்னு இப்பப் புரியுது."

எல்லாத் தலையும் உள்வாசல் பக்கம் திரும்பியது. அவள் நிதானமாக வந்து, காலியாயிருந்த கருத்தின் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

கருத்துக்கு அவமானத்தில் காது எரிந்தது. பத்தொன்பது வருஷத்தில் முதல்முறையாகப் பக்கத்தை மேலிருந்து கீழே படித்தார். அதைவிடக் கசந்த விஷயம், கதை நன்றாகவே இருந்தது.

"சமையல் குறிப்பு எழுத மாட்டேன் சார், மத்தது எதுவானாலும் சரி," என்று அவள் ஆசிரியரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். பிறகு திரும்பினாள். "என்னங்க, நின்னுக்கிட்டுத்தானே இருக்கீங்க? ஆறு டீ. சாருக்குச் சர்க்கரை வேண்டாம்."

சமையலறையில் ஒரே மாதிரி பதினாலு டப்பா வரிசையாக இருந்தது. இரண்டைத் திறந்து பார்த்துவிட்டுத் தோற்றுப்போய்க் குரல் கொடுத்தார்.

"டீத்தூள் எதுல இருக்கு?"

"எல்லா டப்பா மேலயும் எழுதி ஒட்டியிருக்கேன்," என்றாள் முன்னறையிலிருந்து. "படிச்சுப் பாருங்க."